துக்கத்தை இறக்கிவைக்க ஒரு மரச் சுமைதாங்கி

துக்கத்துக்கென்று பொது இடத்தில் மரச்சிற்பம் வைக்க நினைப்பவர்கள் வடிவத்தைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. நெல்லைச் சீமையின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் இன்னும் நிற்கின்றன. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் வைத்தவை அவை. தலைச்சுமையோடு வருகிறவர் அடுத்தவர் உதவியில்லாமல் சுமையைச் சரித்து வைத்துவிட்டு, இளைப்பாறி, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளத் தோதான உயரம். அதே வடிவத்தை மரத்தில் செய்து, துக்கத்தோடு வருகிறவர் சாய்ந்து இளைப்பாற நிறுத்துங்கள். சிற்பத்தின் ஒவ்வோர் அளவையும் இந்தப் பயனிலிருந்தே எடுக்க வேண்டும்.

மேலே குறுகிப் போகும் ஒற்றைத் தூணைத் தவிர்த்துவிடுங்கள். நம் பக்கத்தில் அது சுடலைமாடன் பீடமாகத்தான் கண்ணில் படும். சந்தனமும் மாலையும் தானாக ஏறும். முகமோ கூப்பிய கையோ செதுக்கினாலும் அப்படித்தான். அதில் குற்றமில்லை, ஆனால் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் போகிறவர்கள் பிறகு வந்து சாயத் தயங்குவார்கள். எந்த வடிவமானாலும் யாராவது விளக்கேற்றத்தான் செய்வார்கள். அதற்காக ஒன்றரை மீட்டர் தள்ளிக் கருங்கல்லில் ஒரு மாடம் கட்டிவிடுங்கள். மாடம் இல்லாவிட்டால் கற்பூரம் குறுக்குமரத்தின் மேல்தான் எரியும்.

அளவுகளுக்கு வருவோம். குறுக்குமரத்தின் மேல்பக்கம் தரையிலிருந்து 125 செ.மீ. நடுத்தர உயரமுள்ள ஒருவர் இரு முழங்கையையும் அதன்மேல் வைத்து நெற்றியைக் கவிழ்க்க இந்த உயரம் சரியாக இருக்கும். இதில் கல்பீடம் 15, கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி 2, தூண் 83, குறுக்குமரம் 25 செ.மீ. தூணும் குறுக்குமரமும் 25க்கு 25 கனம். தூண்களுக்கு நடுவே 90 செ.மீ. வழி, இரண்டு பக்கமும் 35 செ.மீ. நீட்டம், ஆக, குறுக்குமரம் 210 செ.மீ. நீளம். சற்றுத் தள்ளி 45 செ.மீ. உயரத்தில், 150 செ.மீ. நீளத்தில் ஒரு பலகை. இரண்டு பேர் பக்கம் பக்கமாக உட்கார வேண்டும். எதிரெதிரே இருக்கை போட்டால் அழுகிறவர் முகத்தை ஒளிக்க இடமிருக்காது. தியானத்துக்குச் சம்மணமிட 90க்கு 90 செ.மீ. கல்மேடை, 20 செ.மீ. உயரம் போதும். சக்கர நாற்காலி சுற்றிவர எல்லாப் பக்கமும் 120 செ.மீ. விடவும்.

மரத்தைத் தொடுவதற்கு முன் செங்கல்லும் பலகையும் அடுக்கி, இதே அளவில் ஒரு மாதிரியை அந்த இடத்திலேயே நிறுத்திப் பாருங்கள். வயதானவர்களைச் சாயச் சொல்லுங்கள். தவறான உயரம் வரைபடத்தில் தெரியாது, தோளில்தான் தெரியும்.

மரத்துக்கு முதல் தேர்வு இடித்த வீட்டின் பழைய தேக்கு உத்திரம். பல பத்தாண்டு காய்ந்தது, இனி அதிகம் முறுக்காது. காந்தம் வைத்துத் தேடி, உள்ளே இருக்கும் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு அறுக்கவும். அது கிடைக்காவிட்டால் வேங்கை. புது மரம் என்றால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு உலர்த்துவது வழக்கம்; இந்தக் கனத்தில் அந்தக் கணக்குக் கட்டாது. ஆகவே வெடிக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். மரம் ஆரப் போக்கைவிட (நடுவிலிருந்து வெளிநோக்கி) வளையப் போக்கில் (ஆண்டு வளையங்களை ஒட்டி) ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். நடுத்தண்டு, அதாவது மரத்தின் நட்டநடு, உள்ளே இருக்கும் மரம் வெடிப்பது அதனால்தான். கண்ணில் படாத அடிப்பக்கத்தில் நடுத்தண்டு வரைக்கும் நீளவாக்கில் ஒரு ரம்ப வெட்டுப் போட்டால் வெடிப்பு அங்கேயே திறக்கும், முகப்பு தப்பும். வைரம் பாயாத வெளிமரத்தை முழுக்கச் செதுக்கி எறிந்துவிடுங்கள். கரையான் அங்கேதான் தொடங்கும். பனை வலுவானதுதான், ஆனால் அதன் வைரம் வெளிப்புறத்தில் இருக்கிறது, உள்ளே மெத்தென்ற சோறு. ஆழமாகச் செதுக்கும் வேலைக்கு ஆகாது.

நெல்லையப்பர் கோயில் தாமிரசபையின் நுணுக்கமான மரவேலை கூரைக்குள் இருக்கிறது. வெட்டவெளியில் அந்த நுணுக்கத்துக்கு ஆசைப்பட்டால் மெல்லிய ஓரங்கள் வெயிலில் பிளந்து, மழையில் உதிரும். இங்கே இரண்டே பரப்புகள் போதும். வெளிப்புறத்தில் வாய்ச்சி (மரம் செதுக்கும் கருவி) விட்ட தழும்புகளை அப்படியே விடுங்கள். கை படும் மேல்பக்கத்தை இழைத்து, 180ஆம் எண் உப்புத்தாள் வரை தேய்த்து, நீர் தேங்காதபடி ஆமை முதுகாக வளைத்துவிடுங்கள். கை வைக்கக் குழி தோண்டும் யோசனை எல்லோருக்கும் வரும். தண்ணீர் நின்று முதலில் அழுகுவதும் அந்தக் குழிதான். குறுக்குமரத்தின் முனைகளை மேல்விளிம்பு முன்னே நீண்டிருக்கும்படி சாய்த்து அறுக்கவும்.

இணைப்பில் தூணின் தலையில் 12 செ.மீ. குடுமி, குறுக்குமரத்தின் அடியில் 13 செ.மீ. துளை. குடுமி மேல்பக்கம் ஊடுருவி வரவே கூடாது, வந்தால் மழைநீர் நேரே உள்ளே இறங்கும். தூணின் அடியில் 20 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, மரத்துக்குள் 30 செ.மீ., கீழே காங்கிரீட்டில் 30 செ.மீ. சாதாரண இரும்பு மரச்சாற்றோடு சேர்ந்து கறுத்துவிடும். திருச்செந்தூர்ப் பக்கம் கடற்காற்று படும் இடமென்றால் 316 ரக எஃகு வாங்கவும். குறுக்குமரம் மட்டுமே 100 கிலோ அளவுக்கு வரும். மூன்று கால் தூக்குச் சட்டமும் சங்கிலிக் கப்பியும் வைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

செம்மண்ணில் 60 செ.மீ. அடித்தளம் போதும். கரிசல் மழையில் உப்பி, கோடையில் பிளக்கும். அங்கே 120 செ.மீ. தோண்டி, கீழே மணல் நிரப்புங்கள். தாமிரபரணிக் கரையில் வைப்பதானால் 2023 டிசம்பர் வெள்ளம் ஏறிய மட்டத்தை அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு, அதற்கு மேலே இடம் பாருங்கள். இடத்துக்கு ஊராட்சி அல்லது மாநகராட்சித் தீர்மானம் எழுத்தில் வேண்டும், பராமரிப்பு யார் பொறுப்பு என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

வார்னிஷ் வேண்டாம், நம் வெயிலில் தோலாக உரியும். நல்லெண்ணெயும் வேப்பெண்ணெயும் உலராமல் புழுதியைப் பிடிக்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை டர்பன்டைனோடு சரிபாதி கலந்து முதல் பூச்சு. பிறகு எண்ணெய் மட்டும் இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபின். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும், தண்ணீரில் முக்கி வைக்கவும். ஆடிக் காற்று ஓய்ந்து வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், செப்டம்பரில், ஆண்டுக்கு ஒரு பூச்சு கொடுக்கவும். அப்போதே தூணின் அடி இடைவெளியில் சருகும் மண்ணும் சேர்ந்திருந்தால் குச்சியால் கிளறி எடுத்துவிட வேண்டும். கரையான் ஏறினால் அந்த வழியாகத்தான் ஏறும்.