டாக்டர மாத்தினேன், டென்ஷன் போச்சு

ஏழாம் மாசத்துல டாக்டர மாத்தினா வீட்ல திட்டத்தான் செய்வாங்க, எங்கம்மாவும் திட்டினாங்க. ஆனா பழைய டாக்டர்கிட்ட எது கேட்டாலும் "அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம்மா"தான், பிரஷர் சுகர் எல்லாம் நார்மலா இருக்கும்போதே டெலிவரி டேட்டுக்கு முன்னாடி அட்மிட் ஆகிடுங்கன்னு வேற சொன்னாங்க. தமிழ்நாட்டு பிரைவேட் ஆஸ்பத்திரி பிரசவத்துல 63.8 சதவீதம் சிசேரியன்னு 2019-21 தேசிய குடும்ப நல சர்வே சொல்லுது, கேக்காம எப்படி இருக்குறது?

புது டாக்டர்கிட்ட "நார்மல் ட்ரை பண்ணுவீங்களா"ன்னு கேக்கல, அதுக்கு எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. டேட் தாண்டினா எவ்வளவு நாள் வெயிட் பண்ணுவீங்க, எல்லாருக்கும் கீழ கட் பண்ணி தையல் போடுவீங்களா, வலி வந்தப்புறம் நடக்க விடுவீங்களா, கூட ஆள் இருக்கலாமா, ராத்திரில நீங்களே வருவீங்களா இல்ல டியூட்டி டாக்டரான்னு கேட்டேன். கோவப்படாம பதில் சொன்னாங்க, 41 வாரம் வரைக்கும் குழந்தையோட துடிப்பும் பனிக்குடத் தண்ணி அளவும் பாத்துக்கிட்டே வெயிட் பண்ணலாம், துடிப்புல பிரச்சனைன்னா சிசேரியன்தான், அதுல பேச்சே இல்லைன்னாங்க. ரெண்டையும் ஒளிக்காம சொன்னதுதான் எனக்குப் பிடிச்சுது. லேபர் வார்டு நர்ஸ் அக்காகிட்டயும் தனியா விசாரிங்க, உள்ள நிலவரம் அவங்களுக்குத்தான் தெரியும். மாறுறதுக்கு முன்னாடி ஸ்கேன், பிளட் ரிப்போர்ட் எல்லாத்தையும் கையில வாங்கிடுங்க, அப்புறம் கேட்டா இழுத்தடிப்பாங்க.