பாடிபோர்டோடு மலை இறங்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீசன் நேரத்தில் சேரிங் கிராஸில் வரிசைகட்டி நிற்கும் வெளியூர் வண்டிகளைப் பார்த்து அலுத்துக்கொள்ளாத ஊட்டிக்காரர் இருக்க முடியாது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததே அந்த நெரிசலால்தான். ஆனால் குன்னூரிலிருந்தோ கூடலூரிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ அலையில் படுத்து ஓட்டும் பலகையான பாடிபோர்டைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு இறங்கினால் கதை தலைகீழாகிவிடும். அங்கே டூரிஸ்ட் நாம்தான். மலைப் பிள்ளைகளிடையே இந்த விளையாட்டு வேர்பிடிக்காமல் போவதற்குப் பலகையின் விலையை மட்டும் குறை சொல்கிறோம். ஒருமுறை போன கரையில் அடுத்த முறை நம்மை யாரும் வரவேற்காததும் ஒரு காரணம்.

பலகையும் ஃபின்னும்

1971இல் ஹவாயில் டாம் மோரி பாலிஎத்திலீன் ஃபோமை வெட்டித்தான் முதல் பாடிபோர்டைச் செய்தார். கடற்கரைக் கடைகளில் துணி போர்த்தித் தொங்கும் தெர்மாகோல் பலகை பார்க்க அதைப் போலவே இருக்கும். கரையில் மடிந்து உடையும் அலையில் ஒரு தடவை சிக்கினால் இரண்டாக முறியும், வெள்ளை மணிகள் கடலெல்லாம் மிதக்கும். அதை வாங்கவே வேண்டாம்.

நல்ல பலகையிலும் உள்ளீடு பார்த்து வாங்க வேண்டும். குளிர்ந்த கடல் உள்ள நாட்டுக்காரர்கள் இணையத்தில் பாலிஎத்திலீனைப் புகழ்வார்கள். நம் கடல் பெரும்பாலும் 27, 28 டிகிரியில் இருக்கிறது. அந்தச் சூட்டில் அது தளர்ந்து வேகம் குறையும். நமக்கு ஏற்றது விறைப்பான பாலிப்ரொப்பிலீன், நடுவில் விறைப்புக்காக நீளவாக்கில் பொதிந்த ஸ்டிரிங்கர் கம்பியோடு. பலகையைத் தரையில் நிமிர்த்தினால் உங்கள் தொப்புள் உயரம் வர வேண்டும். பெரும்பாலான பெரியவர்களுக்கு 40 முதல் 42 அங்குலம் சரியாக இருக்கும். பலகையை நம்மோடு கட்டிவைக்கும் கயிறான லீஷ் மாட்டத் துளை போடும்போது நடுக்கோட்டை விட்டு விலகிப் போடுங்கள், கம்பியில் பட்டால் பலகை வீண்.

கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் காலில் மாட்டும் நீச்சல் துடுப்பான ஃபின்னை வாங்குங்கள், பலகையை வாடகைக்கு எடுங்கள். பலகையை நாலு பேர் மாற்றி மாற்றி ஓட்டலாம். அளவு பொருந்தாத ஃபின் முதல் அலையிலேயே கழன்று போகும், இல்லையென்றால் குதிகாலைத் தோலுரிக்கும். ஃபின் இல்லாமல் ஆழத்துக்குப் போவது விளையாட்டே அல்ல.

ஃபின்னை மணலில் மாட்டிக்கொண்டு முன்பக்கமாக நடப்பவர் விழாமல் தண்ணீருக்குப் போவது அபூர்வம். ஃபின்னின் இலை மடங்கிக் காலை வாரிவிடும். கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்து மாட்டி, கடலைத் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து, இடுப்பளவு வந்ததும் பலகையில் படுக்க வேண்டும். இடுப்பு பலகையின் வால் அருகே இருக்கட்டும். உடல் முன்னே போனால் பலகை தன் முன்நுனியான மூக்கைக் குத்திக் கவிழும். பின்னே போனால் மூக்கு தூக்கி பிரேக் பிடிக்கும், அலை நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். உதைப்பது தண்ணீருக்கு அடியில், சின்னச் சின்ன உதையாக. மேலே தண்ணீர் தெறித்தால் அத்தனையும் வீண் உழைப்பு. வலப்பக்கம் ஓடும்போது வலக்கை பலகையின் மூக்கில், இடக்கை பலகையின் வெளி விளிம்பில். இடப்பக்கம் என்றால் இதையே மாற்றிக்கொள்ளுங்கள்.

யாருடைய அலை?

சண்டையெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. அலை முதலில் உடையும் உச்சிக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ, அலை அவருடையது. அவர் ஓடத் தொடங்கிய பிறகு, தள்ளி அலையின் தோளில், அதாவது இன்னும் உடையாத சரிவில், இருப்பவர் இறங்கினால் அது டிராப் இன். இதில் மரியாதைக் கேடு ஒருபக்கம். அடிபடும் ஆபத்து பெரும்பாலும் நமக்கு: நாம் படுத்திருப்பதால், பலகைமேல் நின்று வரும் சர்ஃபரின் பலகை மூக்கும் அடியிலுள்ள கூரிய ஃபின்னும் நம் முகத்துக்கு நேரே வரும்.

அடுத்த தவறு சட்டப்படி சரியாகவே இருக்கும், அதனால்தான் எரிச்சலூட்டும். காலில் ஃபின் இருப்பதால் பாடிபோர்டுக்காரர் மற்றவர்களைவிட உள்ளே, உடையும் புள்ளிக்கே போய், கடைசி நொடியில் அலையைப் பிடிக்க முடியும். ஒவ்வொரு அலைக்கும் சர்ஃபரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தால் விதி நம் பக்கம், ஊர் எதிர்ப்பக்கம். ஒரு அலை ஓட்டியதும் திரும்பி வந்து, காத்திருந்தவர்கள் போகும்வரை பொறுங்கள்.

திரும்பி உள்ளே போகும்போது அலை ஓடும் பாதையின் குறுக்கே போகாதீர்கள், சுற்றிப் போங்கள். வழியில் ஒருவர் உங்களை நோக்கி வந்துவிட்டால், அவர் ஓட வேண்டிய, இன்னும் உடையாத பச்சைச் சரிவுக்குத் தப்பி ஓடத் தோன்றும். அது தவறு. அவருக்குப் பின்னால் நுரைக்கிற பக்கம் உதையுங்கள். நுரை தலையில் விழும், விழட்டும். பெரிய நுரை வந்ததும் பலகையை வீசிவிட்டு முங்குவதும் கூடாது. லீஷ் அறுந்தால் பின்னால் இருப்பவர் மண்டைக்குத்தான். நுரைக்கு ஒரு மீட்டர் முன்பே இரு கையாலும் மூக்கை அழுத்தி, முழங்காலால் வாலை மிதித்தால் பலகையோடு அடியில் போய்விடலாம்.

படுத்து ஓட்டுபவரை நின்று ஓட்டுபவர் கிண்டலடிப்பது உலகமெங்கும் உண்டு. ஒன்பது முறை உலகச் சாம்பியனான மைக் ஸ்டூவர்ட் படுத்தபடிதான் ஹவாயின் புகழ்பெற்ற அலையான பைப்லைனை ஆண்டார். அதை வாயால் சொல்லி வெல்ல வேண்டியதில்லை. நாமும் மென்பலகையில் தடுமாறும் புதியவரைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அலையை நமக்கு முன்பே அறிந்தவர்கள்

தமிழ்க் கரையில் முதல் அலையோட்டிகள் கட்டுமரக்காரர்கள். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் இன்று நன்றாக சர்ஃப் செய்பவர்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். மலைக் குழுக்கள் அடிக்கடி செய்யும் தவறு, அலை உடையாத ஆழமான பகுதி சுகமாக இருக்கிறதே என்று அதில் மிதந்து அரட்டையடிப்பது. படகு கரையேறும் வழியும் அதேதான். அலையின் முதுகில் வரும் ஃபைபர் படகை நினைத்த மாத்திரத்தில் நிறுத்தவோ திருப்பவோ முடியாது.

கரைவலை இழுக்கும்போது இரண்டு கயிறுகளுக்கும் நடுவே இருக்கும் தண்ணீர் அவர்களுடையது. லீஷோ ஃபின்னோ வலையில் மாட்டினால் உயிருக்கும் ஆபத்து, அவர்களின் அன்றைய மீன்பாட்டுக்கும் நஷ்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் ஆயிற்றே என்று அலட்சியம் வேண்டாம். தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகும் கரைவலையும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இறங்கும் முன் கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம், “அண்ணே, போட்டு எந்தப் பக்கமா ஏறும்? நாங்க எங்க இறங்கட்டும்?” என்று கேளுங்கள். நீரோட்டம் இழுக்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். கூடலூர்க்காரர்கள் நாடுகாணி, நிலம்பூர் வழியே கோழிக்கோடு போனால் அதையே “சேட்டா” என்று தொடங்கினால் போதும்.

எப்போது இறங்கக் கூடாது

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அரபிக்கடல் பக்கம் புதியவருக்கு வேலையில்லை. கிழக்குக் கரையில் கோடைக் காலையில் நிலத்திலிருந்து கச்சான் என்னும் மேல்காற்று வீசும்போது அலை வழவழப்பாக நிற்கும், பகலில் கடற்காற்று ஏறியதும் குழம்பிவிடும். வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருந்தும் கடல் பொங்குவதுதான் கள்ளக்கடல். தொலைதூரத் தென்கடலில் எழும் அலைவீச்சு அது. ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது, கிளம்பும் முன் பாருங்கள்.

இரவெல்லாம் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்து, தூங்காமல் ஆறு மணிக்கு நேரே கடலில் குதிப்பதும் தவறு. குமட்டலும் தசைப்பிடிப்பும் அலை நடுவில் வரும். நீச்சலை அணையிலோ ஏரியிலோ பழகப் பார்க்காதீர்கள், மலைத் தண்ணீரின் குளிரே கையைக் காலை இழுத்துவிடும். சமவெளியில் ஒரு நீச்சல் குளத்தில், பலகையும் ஃபின்னும் இல்லாமல் 200 மீட்டர் நிற்காமல் நீந்த முடிந்த பிறகு கடலைப் பற்றிப் பேசலாம். நீரோட்டம் இழுத்தால் பலகையை விடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் உதைத்து வெளியே வாருங்கள்.

ஆள் சேர்க்கும்போது

ஒரு டெம்போ டிராவலரில் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போய் ஒரே அலையில் இறக்குவதைவிட மோசமான விளம்பரம் கிடையாது. தெரிந்தவர் ஒருவருக்குப் புதியவர் மூவர், ஒரு நேரத்தில் தண்ணீரில் நாலே பேர், மற்றவர்கள் கரையில். முதல் நாள் உள்ளூர் சர்ஃப் பள்ளியில் காசு கொடுத்துக் கற்றால் கற்றதோடு அறிமுகமும் கிடைக்கும். சின்னக் கரைகளின் பெயரைப் போட்டு ரீல்ஸ் விடாதீர்கள். பெண்கள் வர வேண்டுமென்றால் உடை மாற்ற இடம் எங்கே என்பதை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். பருத்திச் சட்டை ஈரத்தில் கனத்து வயிற்றை உராயும். எல்லாருக்குமே உராய்வைத் தடுக்கும் நீச்சல் சட்டையான முழுக்கை ரேஷ் கார்டுதான்.

மலைக்குத் திரும்பும் வழியில்

மேட்டுப்பாளையத்தில் சாப்பிட நிறுத்தும்போது மூடிய காருக்குள் பலகையை விட்டால் சூட்டில் தோல் குமிழ்விடும். வீட்டில் ஹீட்டர் பக்கமோ கரியடுப்புப் பக்கமோ சாய்த்து வைத்தாலும் அதே கதி. நல்ல தண்ணீரில் அலசி, படுக்கை வாட்டில் வையுங்கள். மலை ஈரத்தில் ரேஷ் கார்டு பூஞ்சை பிடிக்கும் என்பதால் பையிலேயே இரண்டு நாள் விடாதீர்கள். கூட வரும் சர்ஃபரிடம் தெர்மாகோல் உள்ளீடு கொண்ட எபாக்ஸி பலகை இருந்தால் அதிலுள்ள காற்றுத் திருகை அடிவாரத்திலேயே தளர்த்தச் சொல்லுங்கள். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடுவதால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து மேலோட்டைப் பிரித்துவிடும். அடுத்த முறை கடலில் இறங்கும் முன் அந்தத் திருகை மறக்காமல் முடுக்க வேண்டும்.