பைக்கு வெளியே என்ன தொங்கலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு தையல் ஃபேக்டரியில் 30 வருடம் வேலை பார்த்தவள் நான். முதுகுப்பையைக் கையில் எடுத்தால் என் கண் முதலில் போவது நாடா துணியோடு சேரும் தையலுக்குத்தான். பைக்கு வெளியே சாமான் தொங்கவிடக் கிளிப் வாங்குவதற்கு முன்னால் நீங்களும் அதைப் பாருங்கள். கேரபினர், அதாவது அழுத்தினால் வாய் திறக்கும் கொக்கிக் கிளிப், எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அது மாட்டியிருக்கும் வளைய நாடா பிய்ந்தால் எல்லாம் போச்சு. நாடாவின் இரண்டு முனையிலும் நெருக்கமாகக் குறுக்கே ஓடும் பார்டாக் தையல் இருக்க வேண்டும். ஒற்றைத் தையல்தான் என்றால் அதில் தொப்பியைவிடக் கனமான எதையும் தொங்கவிடாதீர்கள்.

எனக்குப் பிளாஸ்டிக் கிளிப்தான் பிடிக்கும். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: என் கிளிப் ஒன்று 6 கிராம், தங்கை மகனின் அலுமினிய மலையேற்றக் கேரபினர் 40 கிராம். பிளாஸ்டிக் குளிர்காலக் காலையில் விரலைச் சில்லிடவைக்காது, நடக்கும்போது கடகடவென்று மணி அடிக்காது. ஆனால் இது ஆளைத் தாங்கும் சாமான் இல்லை. மலையேற்றத்துக்கு உள்ளதில் எத்தனை கிலோநியூட்டன் (இழுவிசையின் அளவு) தாங்கும் என்று உடம்பிலேயே பொறித்திருப்பார்கள். பிளாஸ்டிக்கில் அப்படி எண் இருக்காது. கயிறு, ஆள், குழந்தை, நாய் எதையும் இதை நம்பி விடக் கூடாது.

இது உடையும். உடைவதுதான் இதன் நல்ல குணம் என்று நான் தெரிந்துகொண்டது டிராக்கன்ஸ்பெர்க் மலையில். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து விடிவதற்கு வெகு முன்னால் கிளம்பி, என்3 சாலையில் ஹாரிஸ்மித் போய், புத்தடிட்ஜாபா வழியாகச் சென்டினல் கார் நிறுத்துமிடத்துக்கு ஏறினோம். அங்கிருந்து ஆம்பிதியேட்டர் என்ற பாறைச் சுவரின் உச்சிக்கு நடக்கும் வழியில், பாறையில் ஆணி அடித்து மாட்டிய சங்கிலி ஏணிகள் வரும். நான் டீ குடிக்கும் எனாமல் கோப்பையைப் பையின் தோள்வாரின் முன்பக்கம் மாட்டியிருந்தேன். ஏணியில் பாதி ஏறியபோது கோப்பை இரண்டு படிகளுக்கு நடுவே நுழைந்து மேல்படியில் சிக்கிக்கொண்டது. எனக்குத் தெரியாது, ஒரு காலைத் தூக்கிவிட்டேன். தோள் வெடுக்கென்று இழுத்தது, டக் என்று சத்தம், கிளிப்பின் வாய் பிய்ந்து கோப்பை கீழே போனது. "பெரியம்மா!" என்று கீழிருந்து பையன் கத்தினான். நல்லவேளை, அவன் இன்னும் ஏணியில் கால் வைக்கவில்லை. அலுமினியமாக இருந்திருந்தால் கோப்பை விட்டிருக்காது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு ஒரு கையால் அதை அவிழ்த்திருக்க வேண்டும்.

ஆகவே ஏணியோ பாறையோ கையூன்றி ஏற வேண்டிய இடம் வந்தால், அடியிலேயே நின்று எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் போடுங்கள். பின்னால் வருபவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

மற்ற நேரத்தில் என்ன மாட்டலாம்? தொலைந்தாலும் பயணம் கெடாதது, அரைக் கிலோவுக்குள் இருப்பது. தொப்பி, காலிக் குப்பைப் பை, ஈரத் துண்டு, முகாமில் போட்டுக்கொள்ளும் செருப்பு. செருப்பை ஒரே கிளிப்பில் ஆடவிட்டால் அடிக்கு ஒரு தரம் முதுகில் அறையும். மேலே கிளிப்பை மாட்டி, கீழ்ப்பாதியைப் பையின் பக்கவாட்டு இறுக்குப் பட்டைக்குள் செருகிவிடுங்கள். காலுறை காயவைக்க இது சரிப்படாது, நம் புடவை ஊக்கு 2 போதும். கூடாரம், நிறைந்த தண்ணீர் பாட்டில், மருந்து, கார் சாவி எல்லாம் உள்ளே. சாப்பாடும் உள்ளேதான், அந்த மலையில் பபூன் குரங்குகள் உண்டு.

கிளிப்பின் வாய் பைப் பக்கம் பார்த்திருந்தால் உரசி உரசித் தானே திறந்துகொள்ளும், வெளிப்பக்கம் பார்க்கட்டும். புதர் அடர்ந்த பாதையில் அதுவும் ஆபத்து, கிளை உள்ளே தள்ளிவிடும். அங்கே பூட்டு வைத்த கிளிப் போடுங்கள், இல்லையென்றால் ஒரு சின்னக் கயிறும் சேர்த்துக் கட்டுங்கள்.

வாங்கியதும் ஒரு சோதனை. 2 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, கிளிப்பில் மாட்டி, இரவு முழுக்கக் கதவுக் கைப்பிடியில் தொங்கவிடுங்கள். காலையில் நாலு ஆட்டு ஆட்டுங்கள். பிறகு வாய் மடங்கும் இடத்தைப் பாருங்கள்: அங்கே வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் பிளாஸ்டிக் நொந்துபோய்விட்டது, அதைக் குப்பையில் போடலாம். வெயிலில் கிடந்து கிடந்து மேலே மாவு பூத்த மாதிரி வெளுத்ததும் அப்படித்தான். கடுங்குளிரில் இன்னும் சீக்கிரம் முறியும், இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் பனி விழும் மலைக்குப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். நிறங்களில் நான் கறுப்பைத்தான் எடுப்பேன், கரி கலந்த கறுப்புப் பிளாஸ்டிக் வெயிலை அதிகம் தாங்கும்.

பையில் வளையமே இல்லையா? நீங்களே தைத்துவிடலாம். 2 சென்டிமீட்டர் அகல நாடாவை எடுத்து முனைகளைத் தீயில் லேசாகக் காட்டுங்கள், நூல் பிரியாது. துணியின் பின்பக்கம் ஒரு ஒட்டுத்துணி வைத்து, சதுரமாகத் தைத்து அதற்குள் குறுக்கே எக்ஸ் போடுங்கள். பாலியெஸ்டர் நூல்தான் வேண்டும். பருத்தி நூல் மழையில் நனைந்து நனைந்து இற்றுவிடும். மெஷின் ஊசி 100ஆம் நம்பராவது இருக்கட்டும், சட்டை தைக்கிற ஊசியைப் போட்டால் முறிந்து கண்ணுக்குத் தெறிக்கும். தோள்வாரின் பஞ்சில் மட்டும் தைக்காதீர்கள், அது பிடிக்காது.