வேதாளத்துக்கும் கொள்ளிவாய்ப் பிசாசுக்கும் காதல்: நான்கு கட்டக் காமிக்ஸ் வரைவது எப்படி?

பேய்க்கதை வரைய உட்கார்ந்ததும் பலர் கோரைப்பல்லில்தான் கை வைக்கிறார்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

படி 1: ஒவ்வொரு பேய்க்கும் உள்ள கட்டுப்பாட்டை எழுதுங்கள்

விக்கிரமாதித்தன் கதையில் வரும் வேதாளம் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வாய் திறந்து சொன்னாலோ, வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். கொள்ளிவாய்ப் பிசாசு வாயைத் திறந்தாலே நெருப்பு. இரவில் சதுப்பு நிலத்தில் மினுங்கும் வெளிச்சத்தை இந்தப் பிசாசு என்றுதான் ஊரில் சொல்வார்கள்.

இப்போது இரண்டையும் சேருங்கள். “என்னைப் பிடித்திருக்கிறதா?” என்று வேதாளம் கேட்கிறது. பிசாசு பேசினால் மரம் எரியும், காதலியும் போய்விடுவாள். பேசாவிட்டால் தலை போய்விடும். எனக்கு இந்த இக்கட்டு மிகவும் பிடித்திருக்கிறது. சிரிப்பும் காதலும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. இதற்காக ஒரு மாலை முழுவதும் செலவிட்டாலும் தகும்.

படி 2: கட்டங்களைப் பிரியுங்கள்

ஒரு ஏ4 தாளை நான்காக மடித்தால் போதும்.

முதல் கட்டத்தில் கேள்வி. இரண்டாவதில் பேச்சே வேண்டாம்: உப்பிய கன்னம், காதுகளில் புகை. மூன்றாவதில் “ஆ...” என்று தொடங்குவதற்குள் கிளை கருகி விழுகிறது, வேதாளம் மேல்கிளைக்குத் தாவுகிறது. நான்காவதில், விழுந்த கிளையின் கரியை எடுத்து, பிசாசு அடிமரத்தில் “ஆம்” என்று எழுதுகிறது. தலைகீழாகத் தொங்கியபடி வேதாளம் சொல்கிறது: “சரி, அடுத்த கேள்வி!”

படி 3: எழுத்து முதலில், பலூன் பிறகு

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பலூனை முதலில் வரைந்தால் “பிடித்திருக்கிறதா” அதற்குள் அடங்காது; சொல்லை உடைத்தால் படிப்பவரின் கண் தடுக்கும். வசனத்தை எழுதிவிட்டு, அதைச் சுற்றி பலூனை வரையுங்கள். ஒரு பலூனுக்கு ஆறேழு சொற்களுக்கு மேல் வேண்டாம். முதலில் பேசுபவரை இடப்பக்கம் நிறுத்துங்கள்.

படி 4: மை

பென்சில் கோடுகளின் மேல் கறுப்பு மைப் பேனாவால் வரைந்து, நன்றாகக் காய்ந்தபின் அழியுங்கள். வண்ணம் நெருப்புக்கு மட்டும் கொடுங்கள். மூன்றாம் கட்டத்தில் ஆரஞ்சு பளிச்சென்று தெரிய, மற்ற மூன்றும் கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும்.

வரைந்ததும் வசனங்களை மறைத்துவிட்டு ஒரு நண்பரிடம் காட்டுங்கள். இரண்டாவது கட்டத்தில் அவர் சிரிக்கவில்லை என்றால், கன்னத்தை இன்னும் கொஞ்சம் உப்ப வையுங்கள்.