கழற்றும் முன் நாலு பாட்டில்

செங்கோட்டை பக்கத்துப் புளியரை மலைப்பாதையின் எஸ் வளைவு ஏற முடியாமல், வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு என் பட்டறைக்குத் திரும்பி வந்தது ஒரு 2009 மாடல் டீசல் எஸ்யூவி. "நாலு இன்ஜெக்டரையும் மாத்திருங்க அண்ணாச்சி" என்றார் ஓனர். இன்ஜெக்டர்தான் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுவது. காசு என்ன மரத்திலா காய்க்கிறது?

முதலில், இன்ஜெக்டர்களில் மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் ரிட்டன் குழாய்களை நாலு பாட்டிலில் விட்டு, ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஐடிலிங்கில் ஓடவிடுங்கள். எனக்கு மூன்றாவது பாட்டில் மட்டும் மளமளவென நிறைந்தது. அந்த இன்ஜெக்டர்தான் கள்ளன்.

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஓடும்போது பைப் நட்டைத் தொடவே கூடாது. எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் பொதுக் குழாயான காமன் ரயிலில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும். சுற்றிலும் காற்றடித்து மண்ணை ஊதிய பிறகே ஸ்பேனர்.

இன்ஜெக்டர் அசையவில்லையா? சுத்தியலை எடுக்காதீர்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். அப்புறம் இன்ஜெக்டரைக் கழற்றி, அது இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய செம்பு வாஷர் கரி பிடித்து அடியிலேயே ஒட்டியிருக்கும். அதை எடுக்காமல் மேலே புதுசை வைத்தால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், கசியும். நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

புது இன்ஜெக்டரின் தலையில் குறியீட்டு எண் (code) இருந்தால், அதை ஸ்கேனர் வழியாக வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். ஹேண்ட் பம்பை அழுத்திக் காற்றை எடுத்துவிட்டு, செல்ஃப் அடியுங்கள்.