4.8 கிகாஹெர்ட்ஸில் நிற்காத பிராசசர்: எனக்குக் கைகொடுத்தது

கடலூர் முதுநகர் வீட்டுக் கணினியில் இருப்பது இன்டெல் ஐ7 8700கே பிராசசர். ஓவர்கிளாக் செய்து (வேகத்தைக் கூட்டி) ஆறு கோருக்கும் 4.8 கிகாஹெர்ட்ஸ் வைத்திருக்கிறேன், லோடில் 1.30 வோல்ட். கேமில் ஒழுங்காக ஓடும். வீடியோ ரெண்டர் போட்டால் அரை நிமிடத்தில் 3.9-க்கு இறங்கி, மேலும் கீழுமாக ஆடும்.

சூடு என்று நினைத்து, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பேஸ்ட்டை மாற்றியது வீண் வேலை. சூடு, வேகம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் 74 டிகிரிதான்; இந்தச் சிப் 100-ஐத் தொட்டால்தான் வேகத்தைக் குறைக்கும். அதே திரையில் 'பவர் லிமிட்' (மின்சக்தி வரம்பு) வரிக்கு எதிரே மட்டும் 'யெஸ்', அதாவது வேகத்தைக் குறைப்பது அதுதான். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) குறுகியநேரம், நீண்டநேரம் என இரண்டு வரம்பு; நீண்டநேர வரம்பு 95 வாட். ரெண்டர் கேட்பதோ 140. முதல் அரை நிமிடம் தாராளமாக விட்டுவிட்டு, பிறகு 95-க்கு இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு வரம்பையும் 160 ஆக்கியதும் ஆட்டம் நின்றது.

நின்ற இடம் 4.6. சரியாக 200 மெகாஹெர்ட்ஸ் குறைந்தால் கோளாறில்லை, ஏவிஎக்ஸ் ஆஃப்செட் 2: ஏவிஎக்ஸ் என்ற கனமான கணக்குக் கட்டளைகள் ஓடும்போது வேகத்தை இரண்டு படி குறைக்கும் பயாஸ் அமைப்பு. அந்த 2-ஐ ஜீரோ ஆக்கக் கை பரபரக்கும். ஆக்கினால் இதே வோல்டேஜில் நீலத்திரைதான்.

வாட் கூடியதால் மே மாத மதியத்தில் 93 டிகிரி. கூலரின் உலோகத் தகடுகளில் (ஃபின்) உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து பிசுக்காக அப்பியிருந்தது. புளோயருக்கு அசையவில்லை, ஃபேனைக் கழற்றி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தேய்த்த பிறகு 85.