ஊழியப் பயணத்தில் நம் எரிச்சலுக்கு நாம் வைக்கும் பெயர்கள்

வெளிநாட்டு மிஷனரிப் பயணத்துக்குப் புறப்படும் குழுக்கள் ஜெபத்தில் குறை வைப்பதில்லை. பாட்டு, சாட்சி, பிள்ளைகளுக்கான பாடம் எல்லாவற்றையும் பல வாரம் ஒத்திகை பார்த்துவிடுகிறார்கள். ஆனால் போய் இறங்கிய பத்தாம் நாள், குளிக்க அரை வாளித் தண்ணீர்தான் இருக்கிறது என்று யாராவது உடைந்து அழும்போது, அதற்கு யாரும் ஆயத்தமாக இருப்பதில்லை.

'கலாச்சார அதிர்ச்சி' என்ற சொல்லைப் பரவலாக்கியவர் கலெர்வோ ஓபர்க் என்ற மானுடவியலாளர். 1954-ல் ரியோ டி ஜெனிரோவில் பேசிய உரையில் அவர் இதை விளக்கினார். எப்போது கை குலுக்குவது, எந்த அழைப்பை ஏற்பது, எதை மறுப்பது, ஒருவர் சொன்ன வார்த்தையை அப்படியே நம்பலாமா என்று நூறு சின்ன விஷயங்கள் நமக்கு யோசிக்காமலே தெரியும். புது நாட்டில் அவை அத்தனையும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகின்றன. அதுதான் ஆளைக் களைப்பாக்குகிறது. தண்ணீரைப் பற்றியும் படுக்கையைப் பற்றியும் அளவுக்கு மீறிய கவலை, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்ற பயம், சின்ன வலிக்கும் பதற்றம் என்று அதன் அறிகுறிகளையும் ஓபர்க் சொல்லியிருக்கிறார்.

விசுவாசிகளான நாம் இதில் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. நம் களைப்புக்கும் எரிச்சலுக்கும் ஆவிக்குரிய பெயர் வைத்துவிடுகிறோம். கூட்டம் ஒன்பது மணிக்கு என்றார்கள், ஆட்கள் வந்து சேர்ந்தது பதினொன்றரைக்கு. உடனே, "இவர்களுக்குத் தேவனுடைய காரியத்தில் வைராக்கியம் இல்லை" என்கிறோம். உள்ளூர்ப் போதகர் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. "உண்மை பேசுவதில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறோம். நேரம் தவறுவதைவிட, வழியில் எதிர்ப்பட்டவரிடம் நின்று நலம் விசாரிக்காமல் கடந்து போவதுதான் பெரிய மரியாதைக் குறைவு என்று நினைக்கும் சமூகங்கள் பல. விருந்தாளியின் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்லக் கூசுகிற சமூகங்களும் பல. அங்கே "பார்க்கலாம்" என்பதே "முடியாது"தான். கேட்கிற உள்ளூர்க்காரருக்கு அது புரிந்துவிடும், நமக்கு மட்டும்தான் புரியாது.

இப்படிப்பட்ட சமயத்தில் முதலில் நடந்ததை வெறும் நடந்ததாகச் சொல்லிப் பாருங்கள். "இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம், எனக்குப் பசித்தது, கோபம் வந்தது." சரி, அவ்வளவுதான் நடந்தது. அப்புறம் நம்பிக்கையான உள்ளூர்க்காரர் ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள். இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்தாலோ, பணத்தில் மோசடி நடந்தாலோ, அதைக் கலாச்சாரம் என்று மூடி மறைக்கக் கூடாது. அன்றைக்கே குழுத் தலைவரிடம் சொல்லிவிட வேண்டும்.

முதல் வாரப் பரவசத்தில் இதே தவறு வேறு முகத்தோடு வரும். "இவர்களிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷம்!" என்று நெகிழ்ந்து சாட்சி சொல்கிறோம். நாம் பார்த்தது விருந்தாளிக்காக மலர்ந்த முகம். அந்த வீட்டின் கடனோ மருந்துச் செலவோ நமக்குத் தெரியாது. அதே பரவசத்தில்தான் "உங்கள் மகள் படிப்புக்கு நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாக்கும் கொடுத்துவிடுகிறோம். நாம் மறந்துபோன பிறகும் அந்தக் குடும்பம் காத்துக்கொண்டிருக்கும். உதவ மனம் இருந்தால் ஊருக்குத் திரும்பி, நிதானமாக யோசித்து, அங்குள்ள சபை வழியாகச் செய்யுங்கள். தெருவில் பிள்ளைகளைக் கூட்டி மிட்டாயோ பணமோ விநியோகிப்பதும் வேண்டாம். நாம் போன பிறகு அடுத்து வருகிற அந்நியரின் கையையும் அவர்கள் எதிர்பார்க்கத் தொடங்குவார்கள்.

குழுவுக்குள்ளே ஒருவர் தளர்ந்துபோகும்போது அவர்மேல் நாம் ஒட்டும் பெயர்தான் எல்லாவற்றிலும் கொடியது. "விசுவாசக் குறைவு", "அழைப்பு இல்லாமல் வந்துவிட்டார்." இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்துக்கு வந்ததைப் பெருமையோடு சொல்கிறோம். அவர் மனைவி டாரதி முதலில் வர மறுத்தார்; புறப்பாடு தள்ளிப்போனதால், கடைசி நேரத்தில், தங்கையும் கூட வருவாள் என்ற நிபந்தனையில் சம்மதித்தார். அடுத்த ஆண்டே அவர்களுடைய ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனான். டாரதியின் மனநிலை அதன்பின் சிதைந்தது, 1807-ல் இறக்கும்வரை தேறவில்லை. அந்தத் தாயைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? சூரைச்செடியின் கீழ் சாக வேண்டிக்கொண்ட எலியா தீர்க்கதரிசிக்கும் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு அவன் மறுபடியும் தூங்கினான். உங்கள் அட்டவணையில் வாரத்துக்கு ஒரு நாளாவது கூட்டம் இல்லாமல் விடுங்கள். எரிந்து விழுகிற ஆளை உபதேசத்துக்கு முன் தூங்க அனுப்புங்கள். அதே சமயம், தினமும் இரவு மணிக்கணக்காக வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தால் மனம் இங்கே வந்து சேராது. அதற்கு ஓர் அளவு வைத்துக்கொள்வது நல்லது.

சாப்பாட்டு விஷயத்தில், முன்னே வைப்பதைச் சாப்பிடுங்கள் என்று லூக்கா 10-ல் ஆண்டவரே சொல்லிவிட்டார். உடம்புக்கு ஒவ்வாத உணவு இருந்தால் சமைப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும், தட்டு வந்த பிறகு அல்ல. தட்டைக் காலி செய்தால் சில இடங்களில் 'இன்னும் வேண்டும்' என்று அர்த்தம், வேறு இடங்களில் மிச்சம் வைப்பதே அவமானம். எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பந்தியில் உட்கார்ந்து நம் மொழியில் குசுகுசுத்துச் சிரிப்பது வேண்டவே வேண்டாம். மொழி புரியாவிட்டாலும் முகம் எல்லாருக்கும் புரியும்.

உடையிலும் அவர்களுக்கு எது அடக்கமோ அதுவே அளவு. சீனாவுக்குப் போன ஆங்கிலேய மிஷனரி ஹட்சன் டெய்லர் 1855-ல் சீன உடைக்கு மாறியபோது சொந்த நாட்டவரே முகம் சுளித்தார்கள். ஆனாலும் அவர் அதே உடையில் மக்கள் நடுவே வாழ்ந்தார். படம் எடுக்க ஒரு நாள் மாட்டிக் கழற்றுவது அந்த வகையில் சேராது.

படங்களைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். விசுவாசிகளுக்கு நெருக்கடி உள்ள நாடுகளில் ஞானஸ்நானப் படம் ஒன்றை வலையில் போட்டாலே அந்த முகங்களுக்கு ஆபத்து. சுற்றுலா விசாவில் பிரசங்கம் செய்வதைத் தடுக்கும் நாடுகளும் உண்டு. நம்மை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். விசாரணையும் அலைச்சலும் அங்குள்ள சபைக்குத்தான் வந்து சேரும்.

உடல்நலத்தில் பொதுவாக நடக்கும் பிழைகள் சிலதான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்டு 10 நாள் கழித்தே செல்லுபடியாகும், கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. மலேரியா மாத்திரையைத் திரும்பி வந்தபின்னும் மருத்துவர் சொன்ன நாள்வரை தொடர வேண்டும். வயிற்றுப்போக்குக்கு 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து குடியுங்கள்; அளவு தலை தட்டியதாக இருக்கட்டும்.

வீடு திரும்பியதும் அதிர்ச்சி முடிந்துவிடுவதில்லை. ஊர் திரும்பியவர்களுக்கும் ஒரு மனச் சரிவு உண்டு என்று 1963-லேயே சமூகவியலாளர்களான குல்லஹார்ன் தம்பதியர் எழுதினார்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்கிறவர் அரை நிமிடத்தில் பேச்சை மாற்றிவிடுவார். வலிக்கும். அந்த வலியில், "நம் சபை வெதுவெதுப்பாகிவிட்டது" என்று மேடையில் சொல்லத் தோன்றும். அங்கே வைத்த பெயர்களை இங்கே உள்ளவர்களுக்கும் வைக்கிற நேரம் அது. சொல்லாதீர்கள். இரண்டு வாரம் கழித்துக் குழுவாக மறுபடியும் உட்காருங்கள். ஆறாததையெல்லாம் அங்கே கொட்டுங்கள். உங்களுக்குச் சோறு போட்ட வீட்டுக்கு, வந்து சேர்ந்துவிட்டோம் என்று அவர்கள் மொழியில் நான்கு வரி எழுதிப் போடுங்கள்.